நாலு வயதில் ஒன்றாம் வகுப்பா? கெட்டிக்காரக் குழந்தையின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மார்ச், ஏப்ரல் வந்தாலே எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் வேலை பார்த்தேன், அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பு. அன்று என்னிடம் 'அ' எழுதக் கற்றவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளுக்காகக் கூப்பிடுகிறார்கள். "டீச்சர், பாப்பா ரொம்பக் கெட்டிக்காரியா இருக்கா. ஒரு வருஷம் முன்னாடியே ஒன்னாம் வகுப்புல சேத்துடலாமா?" எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஆனால் கேள்விகள் திரும்பத் திரும்ப அதேதான் வருகின்றன. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

எங்கள் மகளுக்கு நாலு வயது நாலு மாதம். தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாள், கூட்டல் கழித்தல் மனக்கணக்காகச் சொல்கிறாள். எல்.கே.ஜி. முடிந்ததும் யு.கே.ஜி.யை விட்டுவிட்டு நேராக ஒன்றாம் வகுப்பில் போடலாமா?

வாசிப்பையும் கணக்கையும் சொல்லிவிட்டீர்கள். நான் கேட்பது வேறு. சாப்பாட்டு டப்பாவைத் தானே திறந்து, யாரும் ஊட்டாமல், அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பாளா? ஒன்றுக்கு வந்தால் புது டீச்சரிடம் வாய் திறந்து சொல்வாளா? மத்தியானத் தூக்கம் விட்டுவிட்டதா? பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கினால் என்ன செய்வாள்? விளையாட்டில் தோற்றால் எவ்வளவு நேரம் அழுவாள்?

கெட்டிக்காரக் குழந்தைகளிடம் ஒரு விஷயம் உண்டு. வாசிப்பு ஏழு வயதுக்கு ஓடியிருக்கும், கை நாலு வயதிலேயே நிற்கும், கோபமும் அழுகையும் சில நாள் மூன்று வயதுக்குப் போய்விடும். அதில் குறை ஒன்றும் இல்லை, அப்படித்தான் வளரும். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வாசிக்கும் மூளை மட்டும் தனியாகப் போகாது. கை, வயிறு, தூக்கம், அழுகை எல்லாம் கூடவே போகும். அதனால் குழந்தையிடம் எது வேகமாக ஓடுகிறது என்று பார்த்து முடிவெடுக்காதீர்கள். எது மெதுவாக வருகிறது என்று பாருங்கள். மெதுவாக வருவதும் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு ஒட்டிப்போகிற அளவில் இருந்தால், அப்போது யோசிக்கலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் வேலையின் ஆரம்ப காலத்தில் ஒரு பையன் வந்தான். ஐந்து முடிய இன்னும் நிறைய மாதம் இருந்தது. தினத்தந்தியைக் கொடுத்தால் தலைப்புச் செய்திகளைக் கடகடவென்று வாசிப்பான். இவனைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியரிடம் மன்றாடியது நான்தான். மூன்றாவது வாரம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சில் தலை வைத்துத் தூங்கியவன் தூக்கத்திலேயே நனைத்துவிட்டான். பிள்ளைகள் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அவன்தான் வகுப்பில் முதல். ஆனால் அந்தப் பெயர் ஐந்தாம் வகுப்பு வரை அவனை விடவில்லை. நான் எத்தனை முறை அதட்டியும் அதை நிறுத்த முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? எத்தனை வயது முடிந்திருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்புக்கு, அந்த ஆண்டு ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. எல்.கே.ஜி.க்கு அதே தேதியில் மூன்று வயது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடங்களுக்கும் இந்தக் கணக்குதான்.

மத்திய அரசின் கணக்கு வேறு. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் 2022–23 முதல் மார்ச் 31-க்குள் ஆறு முடிந்திருந்தால்தான் ஒன்றாம் வகுப்பு. பெற்றோர் சிலர் நீதிமன்றம் வரை போனார்கள், விதி மாறவில்லை. இடமாறுதல் வரும் வேலையில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கணக்கில் 'சரியான வயது' என்பதே சில இடங்களில் ஒரு வருஷம் முந்தியதாக ஆகிவிடும். அதற்கும் முன்னால் சேர்த்த பிள்ளை இரண்டு வருஷம் சின்னவளாக நிற்பாள்.

இன்னொன்று. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது. "உங்க பிள்ளைக்கு டெஸ்ட் வச்சுப் பாத்து மேல் வகுப்புல போடறோம்" என்று யாராவது ஆசை காட்டினால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் பையன் ஆகஸ்ட் 10-ல் பிறந்தவன். பத்து நாள் வித்தியாசத்தில் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமா?

எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். ஜனவரியில் பிறந்த குழந்தையை முன்னதாகச் சேர்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஜூலை கடைசியில் பிறந்தவனும் ஆகஸ்ட் 10-ல் பிறந்தவனும் வளர்ச்சியில் ஒன்றுதான். குழந்தை தயாராக இருந்து, பள்ளியும் விதிக்கு உட்பட்டு இடம் கொடுத்தால், இங்கே எனக்கு மறுப்பு குறைவு.

ஆனால் திருப்பியும் போட்டுப் பாருங்கள். இந்த வருஷம் போனால் அவன் வகுப்பிலேயே கடைக்குட்டி. அடுத்த வருஷம் போனால் வகுப்பிலேயே மூத்தவர்களில் ஒருவன். ஐந்து வயதில் ஒரு வருஷம் என்பது அவன் வாழ்ந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. நமக்கு 35 வயதில் ஒரு வருஷம் போவதுபோல் நினைக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்டார்களே? யாரும் கெட்டுப்போகவில்லையே?

வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் அதுதான் அளவு. கைக்கும் தலைக்கும் உள்ள விகிதத்தை அது பார்த்தது, அவ்வளவுதான். குள்ளமான ஏழு வயதுப் பிள்ளைக்கும் எட்டாது, நீளக் கைக்கார நாலரை வயதுக்கு எட்டிவிடும். எட்டாத பிள்ளையை அடுத்த வருஷம் வரச் சொல்லுவார்கள். வீட்டில் யாரும் அதை அவமானமாக நினைக்க மாட்டார்கள். அந்தப் பொறுமை நம்மிடம் இப்போது இல்லாததுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம், அன்றைய ஒன்றாம் வகுப்பு இன்றைய ஒன்றாம் வகுப்பு அல்ல. மணலில் விரலால் எழுதுவது, பிறகு சிலேட்டு, பாட்டு, கதை. வீட்டுப்பாட நோட்டு கிடையாது. பாதிப் பிள்ளைகளுக்கு அண்ணனோ அக்காவோ பக்கத்து அறையில் இருப்பார்கள், அழுதால் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

பிறந்த தேதியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தால்?

வேண்டாம். தாத்தா பாட்டிகள் பலருடைய பிறந்த நாள் மே, ஜூன் மாதங்களில் இருப்பது தலைமையாசிரியர் எழுதியதால் வந்தது. இன்று பிறப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒரு பொய்யை அந்தக் குழந்தை ஐம்பது வருஷம் தூக்கித் திரிய வேண்டியிருக்கும்.

உண்மையிலேயே கெட்டிக்காரக் குழந்தையா, நாங்கள் சொல்லிக் கொடுத்ததால் சொல்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல கேள்வி, இதைக் கேட்கிற பெற்றோர் குறைவு.

247 எழுத்தையும் வரிசையாகச் சொல்வது, உலக நாடுகளின் தலைநகரங்களை ஒப்பிப்பது, திருக்குறள் நூறு சொல்வது எல்லாம் நல்ல நினைவாற்றல். பாராட்டுங்கள். ஆனால் நான் வேறு ஒன்றைத் தேடுவேன். சொல்லிக் கொடுக்காததைத் தானாகக் கண்டுபிடிக்கிறதா? ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், 'கா'வுக்குப் பக்கத்துல கால் வருது. 'கெ'வுக்கு மட்டும் கொம்பு ஏன் முன்னாடி வருது? சொல்றப்போ 'க்' தானே முதல்ல வருது?" நாலரை வயது. யாரும் அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. ஒரு புது விளையாட்டின் விதியை ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டு, அதில் ஓட்டை கண்டுபிடிக்கிற குழந்தை, கதையில் "அந்த நரி ஏன் பொய் சொல்லுச்சு, அதுக்குப் பயமா?" என்று கேட்கிற குழந்தை, ஒரு விஷயத்தைப் பிடித்தால் சாப்பாட்டை மறக்கிற குழந்தை. இவர்களைத்தான் நான் கவனித்துப் பார்ப்பேன்.

இதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. மூன்று வயதிலேயே பெயர்ப்பலகை, பேருந்துப் பலகை எல்லாம் வாசித்துக்கொண்டு, வாசித்ததற்கு அர்த்தம் கேட்டால் சொல்லத் தெரியாமல், நம் முகத்தைப் பார்த்துப் பேசாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிற குழந்தைகள் உண்டு. இதற்கு ஹைப்பர்லெக்சியா என்று பெயர். சில குழந்தைகளிடம் இது ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும். பயப்பட வேண்டாம், ஆனால் குழந்தைகள் வளர்ச்சி மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். வாசிக்கிறானே என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததில் உதவி கிடைக்க வேண்டிய இரண்டு வருஷம் போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

ஐ.க்யூ. டெஸ்ட் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் ஒரு எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். நம் நாட்டில் உளவியலாளர்கள் பெரும்பாலும் பினே–காமத் சோதனையைப் பயன்படுத்துகிறார்கள், மூன்று வயதிலிருந்து செய்யலாம். நாலு வயதில் வரும் மதிப்பெண் எட்டு வயதில் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அன்று சளி பிடித்திருந்தால்கூட எண் மாறும். நல்ல உளவியலாளர் எண்ணோடு நிறுத்த மாட்டார், குழந்தை எப்படி யோசித்தது, எங்கே விட்டுக்கொடுத்தது என்று எழுதித் தருவார். அந்தப் பக்கத்தைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

வாசிப்பு அபாரம், எழுதத்தான் மாட்டேன் என்கிறான். சோம்பேறித்தனமா?

இல்லவே இல்லை. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்பு. முதல் வருஷத்தில் இரண்டு கெட்டிப்படத் தொடங்கும், பிறகு ஒவ்வொன்றாக. நாலு வயதுக் கையை எக்ஸ்ரே எடுத்தால் எட்டில் பாதிதான் தெரியும். கடைசி எலும்பு தெரிய ஒன்பது, பத்து வயதுக்கு மேல்கூட ஆகும். விரல் தசைகளும் இப்படித்தான் மெல்ல மெல்ல வலுவடைகின்றன. நம் எழுத்துகளையும் பாருங்கள். 'இ', 'ஞ', 'ணை', 'ஐ' எத்தனை சுழி, எத்தனை வளைவு! பென்சிலை நிறுத்தாமல் திருப்பித் திருப்பி வளைக்க வேண்டும்.

ஒன்றாம் வகுப்பில் எழுத்து வேலை அதிகம். வாயில் வருகிறது, கையில் வரவில்லை என்றால் கெட்டிக்காரக் குழந்தைக்குத்தான் ஆத்திரம் அதிகம் வரும். மற்ற பிள்ளைக்குத் தன் எழுத்துக் கோணல் என்றே தெரியாது, இவனுக்குத் தெரியும். அழித்து அழித்துத் தாளைக் கிழிப்பான். பிறகு "எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்" என்பான்.

சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், பூக் கட்டட்டும், களிமண் பிசையட்டும். சுவரில் பெரிய கோலப்பொடிக் கட்டியால் கிறுக்கட்டும். இரண்டு கோட்டு நோட்டு அதற்கு அப்புறம் வரலாம்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

இரண்டு பக்கமும் சொல்கின்றன, நேர்மையாக இரண்டையும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2004-லிலும் 2015-லிலும் வெளியிட்ட தொகுப்பறிக்கைகள், மிகத் திறமையான குழந்தைகளை முன்னதாகச் சேர்ப்பதோ வகுப்புத் தாண்டவிடுவதோ பெரும்பாலும் நன்மையே செய்திருக்கிறது, மனநிலையிலும் பொதுவாகக் கெடுதல் தெரியவில்லை என்கின்றன. ஆஸ்திரேலியாவில் மிராகா கிராஸ் என்ற ஆய்வாளர் 160-க்கு மேல் ஐ.க்யூ. உள்ள 60 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வயது ஒத்த வகுப்பிலேயே பிடித்து வைக்கப்பட்ட பலர் தனிமைப்பட்டுப் போனார்கள், மேலே ஏற்றிவிடப்பட்டவர்கள் நண்பர்களோடு நன்றாக இருந்தார்கள். முடிவெடுத்தே ஆக வேண்டும் என்றால், நாலாம் வகுப்பில் நண்பர்களை விட்டுப் பிரித்து டபுள் புரமோஷன் கொடுப்பதைவிடத் தொடக்கத்திலேயே சேர்ப்பது குழந்தைக்கு எளிது என்பதும் உண்மை.

ஆனால் இவை யாரைப் பற்றிய முடிவுகள் என்று பாருங்கள். கவனமாகத் தேர்ந்தெடுத்த, எல்லா வகையிலும் முன்னால் நின்ற குழந்தைகள். "கொஞ்சம் சூட்டிகை" என்ற அளவில் இருக்கிற குழந்தைக்கு இதை அப்படியே ஒட்ட முடியாது.

மறுபக்கம். 2018-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அமெரிக்காவில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தது. செப்டம்பர் 1 எல்லைத் தேதியாக இருக்கும் மாநிலங்களில், வகுப்பிலேயே சின்னவர்களான ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு, மூத்தவர்களான செப்டம்பர் பிள்ளைகளைவிட 34 சதவீதம் அதிகமாக ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. பிறந்த மாதத்தால் நோய் வராது. சின்னவன் சின்னவனாக நடந்துகொண்டதைப் பெரியவர்கள் கோளாறாகப் பார்த்திருக்கிறார்கள். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் திணறும் நம் வகுப்பில், "இவன் உட்கார மாட்டேங்கிறான்" என்ற முத்திரை எவ்வளவு சீக்கிரம் விழும் என்று எனக்குத் தெரியும். நானே அப்படி முத்திரை குத்தியிருக்கிறேன்.

சர் சி.வி. ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்தாரே?

முடித்தார். 1888-ல் பிறந்தவர், 1904-ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறியபோது 16 நிரம்பவில்லை. அவருடைய அப்பா கல்லூரி ஆசிரியர். வீடு முழுக்கப் புத்தகம்.

அவருக்கு ஒரு வருஷம் முன்னால் பிறந்தவர் ராமானுஜன். 1892 அக்டோபரில், ஐந்து வயது முடிய ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தபோது, பள்ளிக்கு அனுப்பப்பட்டார். சாதாரண வயதுதான். சென்னையில் தாத்தா பாட்டி வீட்டில் இருந்த காலத்தில் பள்ளிக்குப் போகாமல் டிமிக்கி கொடுக்க, அவர் வகுப்பில் இருக்கிறாரா என்று பார்க்க ஒரு போலீஸ்காரரை ஏற்பாடு செய்தார்கள் என்பார்கள். ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர் 12 வயது வரை பள்ளிக்கே போகவில்லை, வீட்டிலேயே படித்தார். பின்னாளில் இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்.

மூன்று பேரும் நம் ஊர்க்காரர்கள், மூன்று வழியில் போனவர்கள். எந்த வயதில் பள்ளிக்கூடப் படி ஏறினார்கள் என்பது அவர்களை உருவாக்கவில்லை. கையில் என்ன கிடைத்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பாருங்கள்.

எல்.கே.ஜி.யில் சலித்துப்போகிறாள். "எல்லாம் எனக்குத் தெரியும்" என்கிறாள். ஒரு வருஷம் வீணாகாதா?

அவளுடைய சலிப்பு உண்மை. அதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். நாலு வயதில் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாசிக்கிற குழந்தையை ஒன்றாம் வகுப்பில் போட்டால் சலிப்பு தீருமா? அங்கும் ஜூன் மாதம் அம்மா, ஆடு, இலைதான். புது இடம், புதுப் பை என்ற உற்சாகம் தீபாவளி வரை தாங்கும். அதற்கப்புறம் அதே சலிப்பு, இந்த முறை தன்னைவிடப் பெரிய பிள்ளைகளுக்கு நடுவில். ஒரு வருஷம் முன்னே தள்ளுவதால் பசி தீராது. பசிக்குத் தீனி தனியாக வேண்டும்.

இந்த வருஷத்தை எப்படி நிரப்பலாம் என்று சொல்கிறேன். பக்கத்து ஊர் நூலகத்தில் அவள் பேரில் உறுப்பினர் அட்டை வாங்குங்கள், வாரம் ஒரு நாள் அவளே புத்தகம் எடுக்கட்டும். பல்லாங்குழி ஆடுங்கள். எண்ணுவதும் முன்கூட்டி யோசிப்பதும் அதிலேயே இருக்கிறது, தோற்கவும் பழகலாம். ஆடுபுலி ஆட்டம், தாயம், சதுரங்கம் எல்லாம் நல்லது. சந்தைக்குக் கூட்டிப்போய்ச் சில்லறையை அவளிடம் கொடுங்கள். மாடியில் ஒரு தொட்டியில் அவரை போடட்டும், தினமும் நூலால் அளந்து நூலை ஒட்டிவைக்கட்டும். இரண்டாவது மொழி, மூன்றாவது மொழி, இசை, நீச்சல் என்று எதில் கண் மின்னுகிறதோ அதில் விடுங்கள். அவளைவிட நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரோடு வாரம் ஒரு மணி நேரம் பேசக் கிடைத்தால் அதைவிடப் பெரிய கொடுப்பினை இல்லை.

பள்ளியிலும் பேசுங்கள். வயது வகுப்பிலேயே இருந்துகொண்டு, வாசிப்பு நேரத்தில் மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காரச் சில பள்ளிகள் சம்மதிக்கும். 2022-ல் அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலைக்கேற்பப் பிரித்தார்கள். எங்கள் பள்ளியில் மூன்று வகுப்பும் ஒரே அறை. வேகமாகப் போன ஒன்றாம் வகுப்புப் பெண்ணை நான் மொட்டுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தேன். மணி அடித்ததும் தன் தோழிகளோடு ஓடிப்போய்ப் பாண்டி ஆடுவாள். அவளுக்கு இரண்டும் கிடைத்தது.

பின்னாளில், கல்லூரி சேரும்போது ஏதாவது பிரச்சினை வருமா?

வரலாம். நீட் எழுத, அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிய வேண்டும் என்பது இப்போதைய விதி. 2022 ஜனவரியில் பிறந்த குழந்தையை 2026 ஜூனில், நாலு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தால், 2038 மார்ச்சில் பிளஸ் டூ முடிப்பாள். அந்த டிசம்பரில் அவளுக்கு 16 தான். ஒரு வருஷம் வீட்டில் காத்திருக்க வேண்டும். முன்னே ஓடி மிச்சப்படுத்திய அதே வருஷம்! 2021 ஆகஸ்டிலிருந்து டிசம்பருக்குள் பிறந்த பிள்ளைக்கு இந்தச் சிக்கல் வராது. விதிகள் மாறலாம், ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். குடிமைப் பணித் தேர்வுக்கும் 21 வயது ஆக வேண்டும்.

பெண் குழந்தையை முன்னதாகச் சேர்த்தால் "சீக்கிரம் படிப்பை முடிச்சுக் கல்யாணத்தைப் பண்ணிடலாம்" என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் காரணத்துக்காகச் சேர்ப்பதாக இருந்தால் என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டாம்.

அக்கா இப்போது யு.கே.ஜி. தம்பியை முன்னதாகச் சேர்த்தால் இருவரும் ஒரே வகுப்பு. அது வசதிதானே?

செய்யாதீர்கள். வகுப்புத் தாண்டவிடலாமா என்று முடிவெடுக்க அயோவாவில் உருவாக்கிய அளவுகோலில், வேறு எதையும் பார்க்காமலே 'கூடாது' என்று சொல்லும் காரணங்களில் ஒன்று இது: அந்த வகுப்பில் உடன்பிறந்தவர் இருப்பது. குழந்தைக்கே விருப்பம் இல்லை என்பது இன்னொன்று.

நம் வீடுகளில் இது இன்னும் கூர்மை. பெரியப்பா மகன், சித்தி மகள் ஒரே வகுப்பில் இருந்தாலே ரேங்க் அட்டை வரும் நாளில் வீடு இரண்டாகும். அக்காவைவிடத் தம்பி அதிக மதிப்பெண் வாங்கினால் அக்கா சுருண்டுபோவாள். குறைவாக வாங்கினால் "இவனையா கெட்டிக்காரன்னு சொன்னீங்க?" என்பார்கள். ஒரே ஆட்டோவில் அனுப்பலாம் என்ற வசதிக்கு இந்த விலை அதிகம்.

வீட்டில் பெரியவர்கள் "சேர்த்துவிடு" என்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சேர்த்துவிட்டார்கள் என்கிறார்கள். என்ன சொல்வது?

"டீச்சரைக் கேட்டோம், அடுத்த விஜயதசமிக்குப் பார்க்கலாம்னு சொன்னாங்க" என்று என் மேல் பழியைப் போடுங்கள். பலருக்கும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் யாரைத்தான் முன்னதாகச் சேர்க்கலாம்?

சேர்த்து நன்றாக வந்த பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. ஒரு பெண்ணைச் சொல்கிறேன். செப்டம்பரில் பிறந்தவள். அங்கன்வாடியில் தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாட மாட்டாள், அஞ்சு ஆறு வயதுப் பிள்ளைகளைத் தேடிப்போய் அவர்களுக்குச் சமமாக ஆடுவாள். உயரமும் இருந்தது. விழுந்தால் துடைத்துக்கொண்டு எழுந்திருப்பாள். மே மாதம் பத்து நாள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். ஒரு நாள்கூட "எப்போ வீட்டுக்குப் போலாம்" என்று கேட்கவில்லை. அவளாகவே, "நான் உங்க கிளாஸுக்கு வரட்டுமா?" என்றாள். சேர்த்தோம். ஒரு நாளும் அவளைச் சின்னவள் என்று யாருக்கும் நினைக்கத் தோன்றவில்லை.

அவளிடம் வாசிப்பு முன்னால் இருந்தது. கூடவே மற்ற எல்லாமும் முன்னால் இருந்தது. இப்படி ஒரு குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால் பயந்து பிடித்துவைக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் போய் நேராகப் பேசுங்கள், ஏன் சேர்க்கலாம் என்று அவருக்கு எடுத்துச் சொல்லவும் தயாராகப் போங்கள்.

சேர்த்துவிட்டோம். மூன்று மாதமாகத் தினமும் அழுகிறான். இப்போது என்ன செய்வது?

முதல் மூன்று, நாலு வாரம் எந்தக் குழந்தையும் அழும். காலாண்டு விடுமுறை முடிந்தும் அழுகை நிற்கவில்லை, சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது, விட்டுப்போன விரல் சூப்பலும் படுக்கை நனைப்பதும் திரும்பிவிட்டது என்றால் அவன் வாயால் சொல்லத் தெரியாததை உடம்பால் சொல்கிறான். முதலில் தூக்கத்தைச் சரிபாருங்கள். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுப்பி வேனில் ஏற்றினால் முந்தின இரவு எட்டு மணிக்குள் தூங்கியிருக்க வேண்டும், எத்தனை வீட்டில் நடக்கிறது? இரண்டு வாரம் தூக்கத்தைச் சரிசெய்தும் மாறவில்லையா, டீச்சரைத் தனியாகப் பார்த்து, வகுப்பில் அவன் யாரோடு உட்காருகிறான், இடைவேளையில் யாரோடு விளையாடுகிறான் என்று மட்டும் கேளுங்கள். மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். "யாரோடும் இல்லை" என்று பதில் வந்தால் யு.கே.ஜி.க்கே திருப்பி அனுப்புங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

அவனிடம் சொல்லும்போது "நீ தோத்துட்டே" என்ற நினைப்பு ஒரு சொல்லிலும் வரக் கூடாது. "அம்மாதான் அவசரப்பட்டுட்டேன், நீ உன் ஃப்ரெண்ட்ஸோட இருடா கண்ணு" என்று தப்பை உங்கள் தோளில் வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டியிடமும் பக்கத்து வீட்டிலும் இதையே, அவன் காதில் விழும்படி, சொல்லிவையுங்கள்.